பாம்புக்கு வைத்தியம் பார்த்த அனுபவம்

பசு நோயுற்றால் அசைபோடுவதை நிறுத்திவிடுகிறது. நாய் மூலையில் முடங்கி முனகுகிறது. கோழிகூடச் சிறகைத் தொங்கவிட்டுக்கொண்டு தன் துன்பத்தைப் பார்ப்பவருக்குப் பிரத்தியட்சமாக்கிவிடுகிறது. பாம்புக்கோ முனகக் குரலில்லை, மூடித் திறக்க இமையில்லை, நொண்டக் காலில்லை, வேதனையால் சுருங்கத்தக்க முகத்தசையும் இல்லை. போதாக்குறைக்கு, பலவீனத்தை வெளிக்காட்டிய பிராணியைப் பருந்தும் கீரியும் முதலில் தூக்கிச் செல்லும் உலகத்தில் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்துவந்த ஜாதியாதலால், நோயை மறைத்துக்கொள்வதே அதன் சுபாவமாக அமைந்துவிட்டது. ஆகவே பழக்கமில்லாத கண்ணுக்கும் தெரியும்படி ஒரு பாம்பு நோயாளியாய்க் கிடக்குமானால், வியாதி அன்று பிறந்ததன்று, பல வாரங்களுக்கு முன்பே உள்ளே குடியேறிவிட்டது என்றே வைத்தியன் கொள்ளவேண்டும். நெடுங்காலம் இந்தத் தொழிலில் உழன்றபின் எனக்கு ஏற்பட்டிருக்கும் அபிப்பிராயம் இதுதான்: பாம்பின் நோயைக் கண்டுபிடிப்பவர் வைத்தியர் அல்லர், அதை அன்றாடம் பார்த்துக்கொண்டிருப்பவரே, அந்த நோயும் பெரும்பாலும் பாம்பின் உடம்பில் தொடங்குவதில்லை, அது வசிக்கும் பெட்டியில் தொடங்குகிறது.

வேப்பேரியில் 1903ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரியில் நான் படித்த காலத்தில் மாடும் குதிரையும் நாயும் கோழியுமே பாடம். ஊர்வனவற்றைப் பற்றி நாங்கள் கேட்டது மிகச் சொற்பம். பின்னாளில் பாம்புப் பண்ணைகளுக்கும் மிருகக்காட்சி சாலைகளுக்கும் வைத்தியனாகப் போய்வரும் சந்தர்ப்பம் வாய்த்தபோது எனக்கு ஆசானாக அமைந்தவை இரண்டு: ஒன்று, இறந்த பாம்புகளை அறுத்துப் பார்த்த பிரேதப் பரிசோதனை மேசை, மற்றொன்று, செங்கற்பட்டுச் சீமையின் இருளர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாலும், அதைத் தொடர்ந்து 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடுக்கப்பட்டதாலும், தோலுக்காகப் பாம்பு பிடித்துவந்த அவர்கள் ஜீவனமிழந்து நின்றபோது, 1978இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் அவர்களுடைய வித்தையை விஷமுறிவு மருந்துக்காக விஷம் எடுக்கும் தொழிலாக மாற்றியது. மாமல்லபுரம் போகும் வழியிலுள்ள வடநெம்மேலியில், நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் வாயைத் துணியால் கட்டிய மண்பானைகளில் சில வாரங்கள் வைத்திருந்து, வாரம் ஒருமுறை விஷம் எடுத்து, அடிவயிற்றுச் செதிலை அடையாளத்துக்காகச் சிறிது நறுக்கி, மறுபடியும் காட்டில் விட்டுவிடுவது அச்சங்கத்தின் முறை. பிடித்த பாம்பை உயிரோடு திரும்ப விடவேண்டியவனுக்கு அதன் உடல்நிலையைக் கணிக்கும் அறிவு இன்றியமையாதது. அவர்களுக்கு அது ஏட்டுக் கல்வியாக அன்றிக் கைப்பழக்கமாகவே வந்திருந்தது.

நான் சென்றுவந்த ஒரு பண்ணையில் காப்பாளராக இருந்த இருளர் பெரியவர் ஒருவர், காலையில் கூண்டுகளைச் சுத்தம் செய்யும்போது சாரையையும் மண்ணுளியையும் தூக்கி, அவற்றின் நடு உடம்பை ஒரு கணம் உள்ளங்கையில் தாங்கிப் பார்த்துவிட்டே கீழே விடுவார். ஆரோக்கியமுள்ள சாரை அந்தக் கையைத் தள்ளிக்கொண்டு ஓட முயலும். தளர்ந்த சாரை கைக்கு இருபுறமும் தொங்கும். விஷப் பாம்புகளைக் கையால் தாங்க இயலாதாகையால், அவற்றைக் கொக்கியில் எடுக்கும்போது அவை கொக்கியை எப்படிப் பற்றுகின்றன என்று பார்ப்பார். ஒருநாள் கண்ணாடி விரியன் ஒன்றைக் காட்டி, “ஐயா, நேத்து சாயங்காலத்திலேர்ந்து இது சீறவே இல்லீங்க. வாயைக் கொஞ்சம் பாருங்க” என்றார். “ஏன் பெரியவரே, வாயில் ஒன்றும் தெரியவில்லையே?” என்று நான் கேட்டதற்கு, “வெளியில தெரியாதுங்க. வலி இருந்தாத்தான் சீறாது” என்றார். மனிதன் நெருங்கிய மாத்திரத்தில் உடம்பை உப்பவைத்துக் கூடத்தின் மறுகோடிக்குக் கேட்கும்படி சீறுவது அந்த ஜாதியின் இயல்பு. அந்தச் சீற்றம் நின்றுபோனதையே அவர் நோயின் அறிகுறியாக எடுத்துக்கொண்டார். விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்தபோதுதான், மேலுதட்டின் வலப்பக்கத்தில் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு செதில்கள் மட்டும் சற்றே மேடிட்டிருப்பதும், வாய் மூடும் கோடு அந்த இடத்தில் நூலிழை அளவு விலகி, அந்த விலகலில் ஈரம் பளபளப்பதும் தெரிந்தன. பெரியவர் தலையைப் பற்றிக்கொள்ள, நான் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் வாயைத் திறந்தேன். விஷப்பல்லை மூடியிருக்கும் உறையின் அடியில், ஈறெங்கும் ஊசிமுனை அளவான சிவப்புப் புள்ளிகள்; முறிந்துபோன பழைய பல்லின் வேரருகே, வெளிர்மஞ்சளாய்த் திரண்ட ஒரு சீழ்க்கட்டி.

வாய்ப்புண் என்று நாங்கள் பொதுவாகச் சொல்லும் இந்த வியாதி, அடைபட்ட பாம்புகளிடையே மிகச் சாதாரணமானது. கண்ணாடியில் மூக்கை இடித்துக்கொள்வதாலோ, எலியின் பல் பட்டதாலோ, விஷம் எடுக்கும்போது பல் முறிந்ததாலோ ஏற்பட்ட சிறு காயத்தில், சுத்தமில்லாத தண்ணீரில் எப்போதும் வாழும் சூடோமோனாஸ், ஏரோமோனாஸ் போன்ற கிருமிகள் புகுந்து இதை உண்டாக்குகின்றன. பாம்பின் சீழ் நமக்கு வருவதுபோல் வடிவதில்லை. சீழை நீர்க்கச் செய்யும் ஒருவகை நொதிப்பொருள் அதன் வெள்ளணுக்களில் இல்லாமையால், அது கெட்டியாகத் திரண்டு அங்கேயே உறைந்து நிற்கும். ஆகவே மருந்தை மட்டும் உள்ளே செலுத்திவிட்டுச் சீழை எடுக்காமல் விட்டால், சிகிச்சை பாதியில் நின்றதாகவே பொருள். கட்டியை மெல்லப் பிரித்தெடுத்து, அதில் ஒரு சிறு பகுதியைக் கிருமிச் சோதனைக்கு அனுப்பி, புண்ணை நீர்த்த போவிடோன் அயோடினால் கழுவி, எந்த ஆன்டிபயாடிக்குக்கு அந்தக் கிருமி கட்டுப்படும் என்று தெரிந்துகொண்டே ஊசி போடவேண்டும். ஊசியையும் உடலின் முன்பாதியில் போடுவதே எங்கள் வழக்கம். பின்பாதியின் இரத்தத்தில் ஒரு பங்கு முதலில் சிறுநீரகத்தின் வழியே செல்வதால், அங்கே போட்ட மருந்து உடம்பெங்கும் பரவுவதற்கு முன்பே வெளியேறிவிடவோ, சிறுநீரகத்தையே கெடுத்துவிடவோ இடமுண்டு. மருந்தின் கால அளவும் வேறு. மனிதருக்கு 8 மணி நேரத்துக்கு ஒருமுறை செலுத்தப்படும் செஃப்டாசிடைம், சுமார் 30 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைக்கப்பட்ட பாம்புக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம், 72 மணி நேரத்துக்கு ஒருமுறை போட்டாலே போதுமானது. அவ்வளவு மெதுவாக அந்தச் சரீரத்தில் மருந்து கரைகிறது. நாய்க்கும் பூனைக்கும் போடும் கணக்கில் பாம்புக்கு மருந்து கொடுப்பவர் நோயோடு நோயாளியையும் அழித்துவிடுவார். பெரியவர் காட்டிய விரியன் சில வாரங்களில் தேறியது. அது மறுபடி சீறத் தொடங்கிய செய்தியை அவரே வந்து சொன்னார்.

மேலே 30 டிகிரி என்று நான் குறிப்பிட்டது போகிற போக்கில் சொன்ன வார்த்தையன்று. தன் உடம்புக்கு வேண்டிய உஷ்ணத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாத பிராணிக்கு, வெளிச்சூடே ஜீரணம், வெளிச்சூடே நோய் எதிர்ப்பு, வெளிச்சூடே மருந்து வேலைசெய்வதற்குரிய நெருப்பு. அமெரிக்கப் பாலைவனத்து இகுவானா என்ற பல்லி வகையின் உடம்பில் ஏரோமோனாஸ் கிருமியைச் செலுத்தி, சிலவற்றை அதிக உஷ்ணத்திலும் சிலவற்றைக் குறைந்த உஷ்ணத்திலும் வைத்துப் பார்த்த மாத்யூ கிளூகரும் அவருடைய சகாக்களும், உஷ்ணத்தில் இருந்தவையே பெரும்பாலும் பிழைத்தன என்று 1975ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். நமக்குக் காய்ச்சல் தானே வருகிறது. ஊர்வன வெயிலைத் தேடிச் சென்று தமக்குக் காய்ச்சலை வருவித்துக்கொள்கின்றன. ஆதலால் வழக்கமாகக் குளிர்ந்த பக்கத்தில் சுருண்டிருக்கும் ஒரு பாம்பு நாள் முழுவதும் சூடான மூலையை விட்டு அகலாதிருப்பதைக் கண்டால், அதை நான் அலட்சியம் செய்வதில்லை. அப்படித் தேடிப்போகச் சூடான மூலையே இல்லாத பெட்டியில் கிடக்கும் பாம்பின் கதிதான் பரிதாபத்துக்குரியது.

சென்னையில் மார்கழி, தை மாதங்களிலும், அதற்கு முன் ஐப்பசி மழையின்போதும் என்னிடம் வரும் பாம்புகளில் பெரும்பான்மையானவை சுவாச நோயால் வருபவை. இரவில் உஷ்ணம் இருபது, இருபத்திரண்டு டிகிரிக்கு இறங்கும். சுவரெல்லாம் ஓதம் காக்கும். பெட்டிக்குள் விரித்த மரத்தூள் நனைந்து காயாமல் கிடக்கும். இப்போது இதற்கு மழைக்காலமும் வேண்டியதில்லை என்றாகிவிட்டது. நகரத்து அடுக்குமாடி வீடொன்றில், பால் பைத்தான் என்று வழங்கும் மேற்கு ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஒன்றை வளர்த்துவந்த இளைஞர், அக்கினி நட்சத்திரத்தின் நடுவில் அதைத் துணிப்பையில் இட்டு எடுத்துவந்தார். “சார், வெளியில நூறு டிகிரிக்கு மேல வெயில் அடிக்குது, இதுக்கு எப்படி சார் சளி பிடிக்கும்?” என்று கேட்டார். “தம்பி, நீங்கள் எந்த அறையில் படுக்கிறீர்கள்?” என்றேன். அவர் படுக்கும் குளிர்சாதன அறையில்தான் பெட்டியும் இருந்தது. இரவு முழுவதும் 22 டிகிரி. வெப்பமானியைப் பெட்டியின் மேற்பகுதியில், விளக்குக்கு அருகில் மாட்டியிருந்தார். அது 30 காட்டிக்கொண்டிருந்தது. பாம்பு வயிற்றைப் பதித்துப் படுக்கும் தரைமட்டத்தில் அளந்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். அந்த ஜாதிக்கு ஒருபுறம் 31 அல்லது 32 டிகிரியும், மறுபுறம் 26 டிகிரியும் இருந்து, நடுவே தன் விருப்பம்போல் நகர்ந்துகொள்ள இடமும் இருக்கவேண்டும்.

சுவாச நோயின் ஆரம்பம் மிக நுட்பமானது. பாம்புக்கு நம்மைப்போல் மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிடையாது. விலாத் தசைகளாலேயே மூச்சு வாங்குகிறது. பெரும்பாலான பாம்புகளுக்கு வலது நுரையீரல் ஒன்றே உபயோகமுள்ளது. மலைப்பாம்பு வகைகளுக்கு இரண்டும் உண்டு. சளி சேர்ந்தால் அதை இருமி வெளியேற்றும் வல்லமை அதற்கில்லாமையால், தலையையும் கழுத்தையும் உயர்த்தி வைத்துக்கொண்டு மூச்சுக் குழாயை நிமிர்த்த முயலும். அந்த நிலையில் நெடுநேரம் நிற்கும் பாம்பை வேடிக்கையாகப் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டியவர்கள் பலர். பிறகு மூக்கருகே சிறு குமிழி தோன்றும். காதருகே பிடித்தால் மூச்சோடு மெல்லிய சீழ்க்கைச் சத்தம் வரும். கடைசியில் வாயைத் திறந்துகொண்டு மூச்சுவிடும். ஸ்டெதாஸ்கோப்பை அப்படியே வைத்தால் செதில் உராயும் சத்தமே காதை நிறைக்குமாதலால், நனைத்த மெல்லிய துணியை நடுவில் வைத்துக் கேட்பது என் வழக்கம். வாயைத் திறந்தால் நாக்கு உறைக்கு மேலே, வாயின் முன்பாகத்திலேயே மூச்சுத் துவாரம் திறந்து மூடுவதைக் கண்ணால் காணலாம். பெரிய இரையை மணிக்கணக்காக விழுங்கும்போதும் மூச்சு முட்டாதிருக்கும்பொருட்டு அமைந்த இந்த ஏற்பாடு, வைத்தியனுக்கும் பேருதவி. அங்கே சளி நூலாய் நிற்கிறதா, துவாரத்தின் விளிம்பு சிவந்திருக்கிறதா என்று ஒரு பார்வையில் அறியலாம். அந்த இளைஞரின் பாம்புக்கு மருந்தும் வேண்டியிருந்தது, மருந்தாவி பிடிப்பதும் வேண்டியிருந்தது. ஆனால் முதலில் பெட்டி வேறு அறைக்கு மாறியது, சூட்டைச் சீராக வைக்கும் தெர்மாஸ்டாட் ஒன்று மாட்டப்பட்டது.

சட்டை உரிப்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். பாம்பின் உடல்நிலையை இவ்வளவு தெளிவாக எழுதிக் காட்டும் சாசனம் வேறில்லை. பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவே ஒருவித நீர் ஊறத் தொடங்கியதும் உடம்பின் பளபளப்பு மங்கும், அடிவயிறு வெளிறும், கண்கள் பால் கலந்த நீலமாக மாறும். அந்நாட்களில் பார்வை மங்கியிருப்பதால் அது ஆகாரத்தை மறுக்கும், தொட்டால் சினக்கும், இவை நோயல்ல. சில தினங்களில் கண் மறுபடி தெளிந்து, இன்னும் சில தினங்களில், உதட்டோரத்தைக் கல்லிலோ கட்டையிலோ உராய்ந்து தோலைக் கிளப்பி, காலுறையை உட்புறம் வெளியாகக் கழற்றுவது போல, தலை முதல் வால் வரை ஒரே துண்டாக உரித்துவிட்டுப் போகும். அவ்வாறு ஒரே துண்டாக உரிந்த சட்டை, பாம்புக்குத் தண்ணீரும் காற்றின் ஈரப்பதமும் போஷாக்கும் குறைவின்றிக் கிடைக்கின்றன என்பதற்கு அத்தாட்சி. துண்டு துண்டாக, ஆங்காங்கே ஒட்டிக்கொண்டு உரியுமானால், பெட்டி வறண்டிருக்கிறது, அல்லது பாம்பின் உடம்பு வறண்டிருக்கிறது, அல்லது தோலில் உண்ணியோ பழைய தழும்போ இருக்கிறது, அல்லது உள்ளே வேறேதோ நோய் ஒளிந்திருக்கிறது.

உரித்த சட்டையை எறிந்துவிடாமல் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பார்க்கும்படி, பாம்பு வளர்ப்போர் அனைவரிடமும் நான் வற்புறுத்துவதுண்டு. முதலில் பார்க்கவேண்டியது தலைப்பகுதியை. பாம்பின் கண்ணை மூடியிருப்பது ஒளி ஊடுருவும் ஒரு செதில். சட்டையோடு அதுவும் கழன்று வரவேண்டும். சட்டையில் இருபுறமும் இரண்டு தெளிந்த வட்டங்கள் இருந்தால் கவலையில்லை. ஒருபுறம் வட்டத்துக்குப் பதிலாக ஓட்டை இருக்குமானால், அந்தச் செதில் கண்ணின்மேல் தங்கிவிட்டது என்று பொருள். அதைக் குறடு கொண்டு பிடுங்கப் போனவர்கள், பழைய செதிலோடு அடியிலுள்ள புதிய செதிலையும் பெயர்த்துக் கண்ணையே போக்கடித்த கொடுமைகளை நான் பார்த்திருக்கிறேன். பிடுங்காமல், ஈரத்தைக் கூட்டி, கண்ணுக்கிடும் நீர்ப்பசை மருந்து ஒன்றைத் தடவி, தேவையானால் அடுத்த உரிப்பு வரையில் பொறுத்திருப்பதே உத்தமம். இரண்டாவது, வால் நுனி. அங்கே வளையமாகத் தங்கிப்போன பழைய தோல் உலர்ந்து இறுகி, இரத்த ஓட்டத்தைத் தடுத்து, நுனியைக் கறுக்கவைத்து அழுகச் செய்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பையாகச் சுற்றி, காற்றுப் புகும் டப்பாவில் ஒரு மணி நேரம் பாம்பை அதனுள் விட்டு, பின்பு ஈரத் துணியைக் கையில் பிடித்து அதனூடே ஊர்ந்து போகவிட்டால், தங்கிய தோலைப் பாம்பே உரித்துக்கொள்ளும். வலிந்து இழுக்கவேண்டிய அவசியம் அநேகமாக நேர்வதில்லை.

வனத்துறையினர் பாம்பாட்டிகளிடமிருந்து பறிமுதல் செய்து ஒப்படைக்கும் நல்ல பாம்புகளே எனக்கு மிகுந்த மனவேதனை தந்த நோயாளிகள். விஷப்பல்லை முறித்து எடுத்த இடத்தில் ஈறு கிழிந்து புண்ணாகியிருக்கும். பின்னே வரிசையாகக் காத்திருக்கும் மாற்றுப் பல் முளைத்ததும் அதையும் பிடுங்கியிருப்பார்கள். சிலவற்றின் வாயை நூலால் தைத்திருந்த தழும்பும் தெரியும். தண்ணீர் காட்டாமல் பல நாள் வைத்திருந்தால், எதிரே வைத்த எதையும் பாம்பு குடித்துவிடும். ஜனங்கள் அன்போடு வார்த்த பாலை அது குடித்ததன் காரணம் அந்தத் தாகமே. பாலைச் செரிக்கும் இயல்பு அதற்கில்லை. வலிந்து புகட்டும்போது, வாயின் முன்பாகத்திலேயே திறந்திருக்கும் மூச்சுத் துவாரத்தின் வழியாகப் பால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அப்படி இறந்துபோன பாம்பை அறுத்துப் பார்த்தவன் அந்தக் காட்சியை மறக்கமாட்டான். பக்தியைக் குறைகூறுவது என் நோக்கமன்று. பாம்பை வணங்குகிறவர்கள் அதற்குச் செய்யத்தக்க உபகாரம் சுத்தமான தண்ணீர் ஒன்றே என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். இத்தகைய பாம்பின் தோலை விரலால் கிள்ளினால் மடிப்பு மடிப்பாகவே நிற்கும், கண்கள் உள்வாங்கியிருக்கும், எச்சத்தில் வெண்மையாகக் குழைவாக வரவேண்டிய யூரிக் அமிலம் மஞ்சளாகக் கட்டிதட்டி வரும். இரையைக் காட்டுவதற்கு முன் நீரிழப்பை ஈடுசெய்யவேண்டும். மெல்லிய குழாயை மூச்சுத் துவாரத்தைத் தாண்டி இரைப்பைக்குச் செலுத்தி, உப்புச்சத்துக் கலந்த வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாகப் பல நாள் கொடுத்தபின்பே, சிறிய இரை ஒன்றை முன்வைக்கலாம். அவசரப்பட்டு முதல் நாளே பெரிய எலியைக் கொடுத்தால் அதைச் செரிக்கும் பலம் அந்த உடம்பில் இராது.

இதற்கு நேர்மாறான கவலையோடு வருபவர்களும் உண்டு. “சார், நாலு மாசமா ஒண்ணுமே சாப்பிடல, செத்துப் போயிடுமா சார்?” என்று கண்கலங்கக் கேட்ட ஒரு பெண்ணிடம், “எடை எவ்வளவு குறைந்திருக்கிறதம்மா?” என்று கேட்டேன், அவர் எடை பார்த்ததே இல்லை. ஆறு மாதத்துக்கு முன் என் பதிவேட்டில் 1,400 கிராம் என்றிருந்த அவருடைய மலைப்பாம்பு இப்போது 1,350 கிராம் இருந்தது. குளிர்காலத்திலும் இனப்பெருக்கக் காலத்திலும் வளர்ந்த மலைப்பாம்பு மாதக்கணக்கில் உபவாசம் இருப்பது இயல்பு. எடை நிலைத்திருக்க, உடம்பு உருண்டு திரண்டிருக்க, மூச்சு சீராயிருக்க, அதன் வாயில் இரையைத் திணிப்பது நோயில்லாத இடத்தில் நோயை உண்டாக்குவதாகும். முதுகெலும்பு முகடாகத் தெரிந்து, உடம்பின் குறுக்குவாட்டு வடிவம் முக்கோணமாகிவிட்டிருந்தாலோ, குட்டிப் பாம்பு சில வாரங்களாக உண்ணாதிருந்தாலோ அது வேறு விஷயம். தின்றதைக் கக்குவதும் வேறு விஷயம். இரையெடுத்த உடனே கையில் எடுத்து விளையாடியதும், சூடு போதாமையும், இரையின் அளவு மிஞ்சியதும் அதற்கு வழக்கமான காரணங்கள். இரண்டு வாரம் ஓய்வு கொடுத்துப் பாதியளவு இரையோடு மறுபடி தொடங்கினால் சரியாகும். திரும்பத் திரும்பக் கக்கி, நடு உடம்பில் ஒரு வீக்கமும் காணப்பட்டால், கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிரைச் சந்தேகிக்கவேண்டும். நம்பத்தக்க மருந்து அதற்கு இல்லை, மற்றப் பாம்புகளினின்று பிரித்து வைப்பதே வழி. அந்தப் பெண்ணை ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொன்னேன். எடை, இரை கொடுத்த தேதி, உண்டதா மறுத்ததா, எச்சம் கழித்த தேதி, சட்டை உரித்த தேதி, பெட்டியின் இருபுறச் சூடு இவற்றை எழுதிவைத்த ஒரு நோட்டு, எனக்கு எக்ஸ்ரே படத்தைவிட அதிகம் சொல்லியிருக்கிறது. பேசாத பிராணியின் பூர்வ சரித்திரத்தை வேறு யாரிடம் கேட்பது?

நாள் முழுவதும் தண்ணீர்த் தொட்டியிலேயே கிடக்கும் பாம்பைப் பார்த்து, வெயிலுக்கு இதமாகக் கிடக்கிறது என்று எண்ணுவோர் பலர். தொட்டியின் அடியில் கறுப்புத் துகள்கள் படிந்திருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். சுமார் ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள சிற்றுண்ணிகள் கண்ணின் விளிம்பிலும், தாடையின் கீழ் மடிப்பிலும், செதிலிடுக்கிலும் புகுந்து இரத்தம் குடிப்பதைத் தாங்கமாட்டாமல், அவற்றை மூழ்கடிக்கவே பாம்பு நீரில் கிடக்கிறது. இரவில் வெள்ளைத் துணியின்மேல் படுக்கவைத்தால் காலையில் ஐயம் தீர்ந்துவிடும். இவை இரத்தத்தை உறிஞ்சுவதோடு கிருமிகளையும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சுமந்து செல்கின்றன. முட்டைகள் பாம்பின்மேல் இராமல் பெட்டியின் பிளவுகளில் இருப்பதால், பாம்புக்கு மட்டும் மருந்திட்டுப் பயனில்லை. மரத்தூளை எரித்து, கட்டைகளை அகற்றி, வெறுங்காகிதம் விரித்து, இரண்டு மூன்று வாரத்தில் தலையெடுக்கும் அடுத்த தலைமுறையையும் எதிர்பார்த்துச் சிகிச்சையைத் திரும்பச் செய்யவேண்டும். மண்ணெண்ணெய் தடவிக் கொண்டுவரப்பட்ட சாரை ஒன்று என் மேசைமேலேயே இறந்தது. பாம்பின் தோல் அதை உள்ளே வாங்கிக்கொள்ளும்.

உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் விட்டுவிட்டுப் போவதால் வரும் முதுகுப் புண்ணையும், தகிக்கும் விளக்கை விட்டு விலக அறியாமல் பாம்பு அதன்மேலேயே படுத்து வேகும் தீப்புண்ணையும், ஈரத் தரையால் அடிவயிற்றில் எழும் கொப்புளத்தையும் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. அவற்றின் பரிகாரம் அவற்றின் காரணத்திலேயே இருக்கிறது. ஆனால் ஆமையையும் பாம்பையும் ஒரே இடத்தில் வைப்பதன் அபாயம் பலருக்குத் தெரிவதில்லை. ஆமையின் குடலில் சாதுவாய் வாழும் ஒருவகை அமீபா, பாம்பின் குடலில் புகுந்தால் இரத்தமும் சளியுமாகக் கழியச் செய்து சில தினங்களில் கொன்றுவிடும்.

நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம். வீடுகளில் இருப்பவை அயல்நாட்டு ஜாதிகள், அவற்றிலும் பல பதிவு செய்யப்படவேண்டியவை. புதிதாக வந்த பாம்பை, பார்வைக்கு எவ்வளவு திடகாத்திரமாக இருந்தாலும், மூன்று மாதமாவது வேறு அறையில், வேறு கொக்கியும் வேறு தொட்டியும் வைத்துப் பராமரிக்கவேண்டும்; தினமும் பழைய பாம்புகளுக்குப் பணிவிடை செய்து முடித்த பின்பே அதனிடம் போகவேண்டும்; போய்வந்ததும் கையைச் சோப்பிட்டுக் கழுவவேண்டும், சால்மோனெல்லா என்ற கிருமி பாம்பிடமிருந்து நமக்கும் தொற்றுமாதலால். இவ்வளவு கண்டிப்புக்குக் காரணம் உண்டு. தலையை வானை நோக்கி வளைத்துக்கொண்டு, மல்லாக்கப் புரட்டிவிட்டால் ஆரோக்கியமுள்ள பாம்பு ஒரு கணத்தில் திரும்பிக்கொள்வதுபோல் திரும்பமாட்டாமல் தவிக்கும் ஒரு கொடிய வியாதி, போவா, மலைப்பாம்பு இனங்களில் உண்டு. அதன் மூலம் ஒருவகை அரீனா வைரஸ் என்பது 2012இல்தான் தெரியவந்தது, சிகிச்சை இன்றும் இல்லை. வெளிக்குறி காட்டாமலே அதைச் சுமந்து திரியும் பாம்புகளும் உண்டு.

எவ்வளவு கவனித்தும் ஒரு பாம்பு இறந்துபோகுமானால், துக்கத்தில் அதை உடனே புதைத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். அந்த வீட்டில் வேறு பாம்பு இருந்தால், இறந்தது எதனால் இறந்தது என்று அறிவது உயிரோடிருப்பதற்குச் செய்யும் வைத்தியத்தின் ஒரு பகுதி. உடலைப் பையிலிட்டுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து அன்றைக்கே கொண்டுவரவேண்டும். பனிக்கட்டி உறையும் மேல்தட்டில் வைத்தால், ஈரம் பனியாகி உடலணுக்களைச் சிதைத்துவிடும், நுண்பெருக்கியில் எதுவும் தெளிவாகத் தெரியாது. வெயில் காலமாயின் வழியில் பனிக்கட்டியைப் பைக்கு வெளியே சுற்றி வைத்துக்கொள்ளலாம். வரும்போது அந்த நோட்டுப் புத்தகத்தையும் மறவாமல் எடுத்துவரவேண்டும்.